தினைப்புனத்துக்குப் பின்னால் ஒரு மலை

திருப்பரங்குன்றத்துக்கு ஜனங்கள் படம் பார்க்கப் போன காலம் ஒன்று உண்டு. சங்க நூலான பரிபாடலில் நப்பண்ணனார் பாடிய 19ஆம் பாட்டில் அந்தக் காட்சி வருகிறது. பாண்டியன் பரிவாரத்தோடு கூடல் நகரான மதுரையிலிருந்து குன்றத்துக்கு வருகிறான். ஊரும் கூடவே கிளம்பி வருகிறது. சிலர் குரங்குகளுக்குத் தின்பண்டம் நீட்டுகிறார்கள், சிலர் யானைக்குக் கரும்பு கொடுக்கிறார்கள். வேறு சிலர் அங்கிருந்த சித்திர மண்டபத்துக்குள் நுழைந்து, சுவரைக் காட்டி இது யார், அது யார் என்று கேட்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் ரதியையும் காமனையும் அடையாளம் காட்டுகிறார்கள். பூனை உருவெடுத்த இந்திரனையும், அகலிகையையும், கோபம் கொண்ட கௌதமரையும் காட்டி, அவள் கல்லாகிப்போன கதையைச் சொல்கிறார்கள். கோள்களும் விண்மீன்களும் எழுதிய சக்கரம் ஒன்றும் அங்கே இருந்திருக்கிறது.

நான் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பிறந்தது, வளர்ந்தது, இன்று இருப்பது எல்லாம் இந்த மலையடிவாரத்தில்தான். உ.வே.சாமிநாதையர் 1918ல் அச்சில் கொண்டுவந்த பரிபாடலின் இந்தக் காட்சியைப் பிள்ளைகளுக்குக் கதையாகப் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் ஒன்று என்னை உறுத்தும். புலவர் தரும் பட்டியலில் காமன் இருக்கிறான், இந்திரன் இருக்கிறான், வானத்துக் கோள்கள்கூட இருக்கின்றன, மலை இல்லை. குன்றத்தைப் பார்க்க வந்த கூட்டத்துக்கு, குன்றத்திலேயே இருந்த மண்டபத்தில், குன்றத்தை எழுதிக் காட்டவேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை போலும். வெளியே வந்தால் மலை நிற்கிறதே!

அந்த மண்டபம் இன்று இல்லை. அதன் சுவர் எங்கே இருந்தது என்று காட்டவும் ஆள் இல்லை. மலை மட்டும் அப்படியே இருக்கிறது, ஏறக்குறைய ஆயிரம் அடி உயரத்துக்கு ஒரே கல்லாக. அந்த மலை எப்போது படத்துக்குள் வந்தது, யார் அதைக் கொண்டுவந்தார்கள், எண்ணெய் வண்ணத்தில் அதை எழுதும் பாடம் எங்கள் மாதிரி ஆட்களுக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தது என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

முதலில் மலையைத் தொட்டவர்கள் உளிக்காரர்கள். மலையின் மேற்குச் சரிவில் தமிழ்ப் பிராமி எழுத்தோடு சமணர் படுக்கைகள் இருக்கின்றன. வடக்குப் பக்கம், இன்றைய முருகன் கோயிலின் கருவறை, மலையைக் குடைந்து செய்தது. கலியாண்டு 3874, அதாவது பொது ஆண்டு 773 என்று அங்கே கல்வெட்டு இருக்கிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் தளபதி சாத்தன் கணபதி அங்கே திருப்பணி செய்தான். அவன் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும், சேட்டை என்ற மூத்த தேவிக்கும் கோயில் எடுத்தாள். ஒரு பெண்ணின் பெயர் அந்தக் கல்லில் அப்படித் தெளிவாக நிற்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம். ஆனால் சிற்பிக்கு மலை என்பது வேலைக்கான பொருள். உள்ளே போய்க் குடைபவனுக்கு மலையின் உருவம் தெரியாது.

பிறகு நாயக்கர் காலச் சுவரோவியங்கள். அழகர்கோயில் வசந்த மண்டபத்தில் ராமாயணக் கதையை எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்துச் சித்திரக்காரர் மலை எழுதும் முறைக்கு ஓர் இலக்கணம் உண்டு: வளைவு வளைவாக, மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவது, இடுக்குகளில் ஒரு மரம், ஒரு மான், ஒரு முனிவர். பார்த்தவுடன் மலை என்று புரியும். எந்த மலை என்று புரியாது. அவருக்கு அது தேவையும் இல்லை. சித்திரகூடம் என்றாலும் கிஷ்கிந்தை என்றாலும் அதே அடுக்குதான். நிழல் கிடையாது, காலை மாலை கிடையாது, தூரம் என்பதும் கிடையாது. இதைக் குறையாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அது கதை சொல்லும் ஓவியம். கதைக்கு வெயில் எந்தப் பக்கம் அடித்தால் என்ன?

எண்ணெய் வண்ணம் நம் பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களோடு வந்தது. மதராஸ் படையில் இருந்த பிரான்சிஸ் ஸ்வெய்ன் வார்டு தென்னாட்டுக் காட்சிகளை எண்ணெயில் எழுதி, 1773ல் லண்டனில் கம்பெனி இயக்குநர்களிடம் கொடுத்தார். 1792ல் தாமஸ் டேனியலும் அவருடைய அண்ணன் மகன் வில்லியமும் சென்னையிலிருந்து கிளம்பிக் குமரி வரை போனார்கள், வழியில் மதுரை. புதுமண்டபத்தையும் திருமலை நாயக்கர் மகாலின் இடிபாடுகளையும் வரைந்தார்கள். இன்னும் தெற்கே போய்ப் பாபநாசம் அருவியையும் விடவில்லை. 1795 முதல் 1808 வரை அவர்கள் வெளியிட்ட 144 அச்சுப் படங்களில் இந்தக் காட்சிகள் உண்டு. ஆனால் அவர்கள் அந்தந்த இடத்திலேயே உட்கார்ந்து எண்ணெயில் எழுதவில்லை. பென்சிலிலும் நீர் வண்ணத்திலும் குறிப்பெடுத்துக்கொண்டு போய், எண்ணெய்ப் படங்களைப் பிறகு எழுதினார்கள். காரணம் எளிது. அந்தக் காலத்தில் அரைத்த எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் மூத்திரப்பையில் கட்டி வைப்பார்கள். குத்தித் திறந்தால் திரும்பச் சரியாக மூட முடியாது. பல்லக்கிலும் மாட்டுவண்டியிலும் மாதக்கணக்கில் போகிறவர்களுக்கு அது ஒத்துவராது.

1841ல் ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் வண்ணத்தை அடைக்கத் தகரக் குழாயைக் கண்டுபிடித்தார். இன்று கடையில் நாம் வாங்கும் ட்யூபின் மூதாதை அது. அதற்குப் பிறகுதான் எண்ணெய் வண்ணம் பரவலாக வீட்டை விட்டு வெளியே வந்தது. 1870களின் கடைசியில் தன்னந்தனியாக உலகைச் சுற்றிய மேரியான் நார்த் என்ற ஆங்கிலப் பெண்மணி இலங்கையிலிருந்து தூத்துக்குடி வந்து மதுரைக்கும் வந்தார். செடி கொடிகளையும் ஊர்களையும் நேரில் உட்கார்ந்து எண்ணெயிலேயே எழுதினார். லண்டனில் க்யூ தோட்டத்தில் 1882ல் அவருக்கென்றே ஒரு கூடம் திறந்தார்கள்; 800க்கு மேற்பட்ட படங்கள் சுவர் தெரியாமல் மாட்டியிருக்கின்றன. தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு ரயில் அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்தது. அந்தத் தண்டவாளம் எங்கள் மலையை ஒட்டித்தான் போகிறது. ட்யூபும் தூரிகையும் பெட்டியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் இந்த மலையை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போயிருப்பார் என்று நினைக்கும்போது எனக்கு மனம் நிறைந்துவிடும்.

நம்மவர்கள் இதற்குள் எண்ணெயைப் பிடித்துவிட்டார்கள், அதிலும் மதுரைக்காரர் முந்திக்கொண்டார். சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், அதாவது 1847க்கு முன்பே, திருவிதாங்கூர் அரண்மனையில் பேர்பெற்ற ஓவியராக இருந்தவர் மதுரையைச் சேர்ந்த அழகிரி நாயுடு. ஓவியர் ரவிவர்மாவின் மாமா ராஜராஜ வர்மா பாடம் கேட்டது அவரிடம். அந்த மாமாதான் ரவிவர்மாவின் முதல் குரு. ரவிவர்மாவைக் கொண்டாடுகிறவர்கள் அழகிரி நாயுடுவை ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். அவர் மதுரையில் எந்தத் தெருவில் பிறந்தார் என்று சொல்லும் பலகை எங்கும் கிடையாது. வைக்கவேண்டும்.

எண்ணெய் அப்போது பொத்திப் பொத்தி வைத்த வித்தை. 1862ல் பதினான்கு வயதில் திருவனந்தபுரம் வந்த ரவிவர்மாவுக்கு அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் சொல்லித்தர மறுத்தார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை இரவில் ஒளிந்து வந்து கலவையைக் காட்டிக்கொடுத்தார் என்று ரவிவர்மாவின் வரலாறு சொல்கிறது. 1868ல் வந்த தியோடர் ஜென்சன் என்ற வெளிநாட்டு ஓவியரும், தான் எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும்தான் விட்டார். ஆறுமுகம் பிள்ளை மட்டும் அந்த இரவுகளில் வராதிருந்தால் நம் பூஜையறைச் சுவர்கள் வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஆனாலும் ரவிவர்மா மனிதர்களை எழுதியவர். மலையையும் ஆற்றையும் மேகத்தையும் தனியாக உட்கார்ந்து எழுதியவர் அவருடைய தம்பி சி. ராஜராஜ வர்மா (1860–1905). அண்ணன் படங்களில் உருவங்களுக்குப் பின்னால் தெரியும் இயற்கைக் காட்சிகளில் தம்பியின் கை நிறைய உண்டு. எண்ணெயில் நிலக்காட்சி என்ற வகையை இந்தியர்களில் முதன்முதலாகக் கருத்தோடு எழுதியவர்களில் அவர் ஒருவர். அண்ணனின் புகழில் பாதியாவது அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

சென்னையில் 1850ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் கலைப்பள்ளியைத் தொடங்கினார். அது பல காலம் கைத்தொழில் பள்ளியாகத்தான் இருந்தது. 1929ல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி வந்தபிறகுதான் நவீன ஓவியம், சிற்பம் என்று அதன் முகம் மாறியது. பெரிய வரலாறு அது. எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைக்கு அரசுக் கவின்கலைக் கல்லூரி என்றால் சென்னைக்குப் போகவேண்டும், இல்லை கும்பகோணத்துக்கு. போக முடிந்தவர்கள் சிலர். போக முடியாதவர்களுக்கு மலை எழுதும் பாடம் வேறு வாசல் வழியாக வந்தது. அந்த வாசல் நாடகக் கொட்டகை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் பார்சி நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகச் சுற்றின. எழுதிய திரையைச் சுருட்டி ஏற்றி இறக்கும் வழக்கம் அவர்களோடு பரவியது. தமிழ்க் கம்பெனிகளும் பிடித்துக்கொண்டன. 1918ல் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தது அங்கேதான். மதுரை அதற்குப் பிறகு நாடகக்காரர்களின் ஊராகவே ஆகிவிட்டது. ஒவ்வொரு கம்பெனிக்கும் சீன் வேண்டும்: தர்பார் சீன், தெரு சீன், நந்தவனம், காடு, அரிச்சந்திராவுக்குச் சுடுகாடு. வள்ளி திருமணத்துக்கு மலை.

இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம் மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கக் கிராமத் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடக்கிறது. வள்ளி தினைப்புனம் காக்கிறாள். நாரதர் வருகிறார், தர்க்கம் நடக்கிறது, மணிக்கணக்கில் நடக்கும். வேலன் வேடனாக வருகிறான், விருத்தனாக வருகிறான். அத்தனைக்கும் பின்னால் ஒரே திரை, ஒரே மலை. தமிழ்நாட்டில் ஒரு மலை ஓவியத்தை ஜனங்கள் ஒரே மூச்சில் ஐந்தாறு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்த இடம் வேறு எது? கண்காட்சிக் கூடங்களில் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. பரிபாடல் மண்டபத்தில் இல்லாத மலை, வள்ளி கதை வழியாகப் படத்துக்குள் வந்து, கதை முழுக்க நகராமல் நின்றது.

என் பெரியப்பா சீன் எழுதியவர். எனக்குத் தூரிகை பிடிக்கச் சொல்லித்தந்தவர் அவர்தான். சீன் வேலைக்கு எண்ணெய் ஆகாது. சுருட்டினால் ஒட்டும், கனக்கும், விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும். காடாத் துணியை விரித்துக் கட்டி, சுண்ணாம்புத் தூளும் வஜ்ரமும் கலந்து பூசிக் காயவைப்பார். வஜ்ரம் என்பது மரவேலைக்காரர்கள் வாங்கும் அதே பசைதான். முதல் நாள் ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டியை வைத்துக் காய்ச்சவேண்டும். நேராக நெருப்பில் வைத்தால் பசை செத்துவிடும் என்பார். வாடை வீடு முழுக்க இருக்கும். அதில் நீலம், காவி, பேரி மஞ்சள், புகைக் கறுப்பு என்று தூள் வண்ணத்தைக் கரைத்து, சூடு ஆறுவதற்குள் எழுதவேண்டும், ஆறினால் கட்டியாகிவிடும். பசை வண்ணத்துக்கு ஒரு குணம்: ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வெளுத்து வேறு நிறம். ஆகவே ஒவ்வொரு கலவையையும் ஒரு செங்கல்லில் தீற்றி, காய்ந்தபின் பார்த்துவிட்டுத்தான் திரைக்குப் போவார். அது மட்டுமல்ல, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நீலம் கறுத்துப்போகும் என்று, தூரத்து மலைக்குப் பகலில் பார்த்தால் கூசுகிற அளவுக்கு வெளிர்நீலம் வைப்பார். ராத்திரி கொட்டகையில் போய்ப் பார்த்தால் அது அப்படியே நம் நாகமலை தூரத்தில் கிடக்கிற மாதிரி இருக்கும்.

கதைப்படி வள்ளியின் மலை வடக்கே, வேலூர்ப் பக்கத்து வள்ளிமலை. பரங்குன்றமோ தெய்வானையை மணந்த ஊர். ஆனாலும் பெரியப்பா தினைப்புனத்துக்குப் பின்னால் பரங்குன்றத்தைத்தான் எழுதுவார். வேறு மலையை அவர் பார்த்ததில்லை என்று அர்த்தமில்லை. கூட்டத்துக்குத் தெரிந்த மலை திரையில் இருக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. திரை ஏறியதும் முன்வரிசைப் பிள்ளைகள் "நம்ம மலைடா" என்று கத்துவதற்காகவே எழுதினார் என்று நினைக்கிறேன். நாயக்கர் காலச் செதில் அடுக்குக்கும் இதற்கும் உள்ள தூரம் அந்த ஒரு கூச்சலில் இருக்கிறது.

இதே வழியில் வந்தவர்தான் சி. கொண்டையராஜு (1898–1976). சென்னைக் கலைப்பள்ளியில் படித்தவர், திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் இருந்தவர், பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போய், 1940களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவரும் அவர் சீடர்களும் எழுதிய சாமி படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகி வீட்டுக்கு வீடு போயின. அந்தப் படங்களில் முருகனுக்குப் பின்னால் நிற்கும் மலைகளை, அருவிகளை, செவ்வானத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கொட்டகைத் திரையின் வாடை அதில் இருக்கும். தமிழ்நாட்டுக் கண்ணுக்கு மலையைப் படமாகப் பழக்கியது கண்காட்சிகள் இல்லை, சீனும் காலண்டரும்தான். கலை விமர்சகர்கள் இதை ஏற்கத் தயங்குகிறார்கள். தயங்கவேண்டியதில்லை.

பெரியப்பா எண்ணெய்க்கு வந்தது சினிமா பேனர் வேலை மூலம். கட்டம் போட்டு முகத்தைப் பெரிதாக்குவது, ஆளிவிதை எண்ணெயும் டர்ப்பன்டைனும் கலப்பது எல்லாம் அங்கே கற்றுக்கொண்டார். பேனரில் மலைக்கு இடமில்லை. ஓய்ந்த நேரத்தில், மிஞ்சிய வண்ணத்தில், தனக்காக மலையை எழுதினார். அப்போது பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் படித்தேன்.

"தாயி, மலையில கை வைக்காத. மொதல்ல அதுக்குப் பின்னால இருக்குற வானத்த முடி. வானம் முடிஞ்சா மலை தன்னால முன்னாடி வந்து நிக்கும்." இது முதல் பாடம். வானம் ஈரமாக இருக்கும்போதே மலை விளிம்பை வைத்தால் இரண்டும் லேசாகக் கலந்து, கத்தரித்து ஒட்டியது போல இல்லாமல், காற்றுக்குள் நிற்கிற மலையாக வரும். பசை வண்ணத்தில் இது நடக்காது; அது நிமிஷத்தில் காய்ந்துவிடும். எண்ணெய் அவகாசம் கொடுக்கிறது.

அடுத்த பாடம் அடுக்கு. முதல் அடுக்கை டர்ப்பன்டைனில் தண்ணீராகக் கரைத்து, பர்ன்ட் சியன்னாவும் கொஞ்சம் அல்ட்ராமரைனும் சேர்த்து, நிழல் இருக்கும் இடங்களை மட்டும் வைப்பது. மேலே போகப்போக எண்ணெயைக் கூட்டுவது. எண்ணெய் வண்ணம் தண்ணீர் வற்றுவது போல் காய்வதில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. அடியில் எண்ணெய் மிகுந்து, மேலே குறைந்தால், மேல் அடுக்கு முதலில் இறுகும், அடி அடுக்கு அதற்கப்புறம் அசையும், படம் வெடிக்கும். அம்பர் சீக்கிரம் காயும், அலிசரின் சிவப்பும் ஐவரி கறுப்பும் நாளெடுக்கும். பெரியப்பாவுக்கு ரசாயனம் தெரியாது. "அடியில மெலிசு, மேல கொழுப்பு" என்பார், அவ்வளவுதான். ஆடி மாதத்தில் ஈரப் படத்தை வெளியே வைக்க விடமாட்டார். ஆடிக் காற்றின் புழுதி அப்படியே அப்பிக்கொள்ளும்.

பிறகு கல். "கல்லு சாம்பல் நெறம்னு ஒனக்கு யாரு சொன்னா? நல்லாப் பாரு." பார்த்தால் சாம்பல் கொஞ்சம்தான். வெயில் பட்ட முகத்தில் வெளிறிய ரோஸ், இடுக்குகளில் ஊதா, பெயர்ந்த இடத்தில் காவி. மழைநீர் தலைமுறை தலைமுறையாக வழிந்த தடங்கள் உச்சியிலிருந்து கறுப்புக் கோடுகளாக இறங்குகின்றன. அந்தக் கோடுகள்தான் எங்கள் மலைக்கு முகம். அவற்றைத் தூரிகையால் இழுத்தால் ரோட்டில் போட்ட கோடு மாதிரி இருக்கும். பெரியப்பா பேனர் வேலைக்கு வைத்திருந்த சித்திரக் கத்தியால் வெளிர் வண்ணத்தைத் தடித்து அப்பி, கத்தி முனையை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுப்பார். அடியில் இருக்கும் கறுப்பு கோடாக வெளியே தெரியும். கோடு வரைந்ததாகத் தோன்றாது, வழிந்ததாகத் தோன்றும். மணிக்கட்டை மடக்கக் கூடாது, தோளிலிருந்து இழுக்கவேண்டும். சீன் எழுதிய கைக்கு அது இயல்பாக வந்தது.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. கோயிலும் ஊரும் மலைக்கு வடக்கே இருக்கின்றன. ஆகவே ஊரில் நின்று பார்க்கிறவருக்குத் தெரிவது மலையின் வடமுகம். கார்த்திகை, மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அப்போது செங்குத்தான அந்தப் பாறைகள் காலையும் மாலையும் நிழலில் கிடக்கும். மலை ஒரே நீலக் கறுப்புத் திண்மையாக, விளிம்பு மட்டும் ஒளிர, எதிரே நிற்கும். மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்து டிகிரிக்குள் இருப்பதால், சித்திரை முதல் வாரம் வாக்கில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேலே வந்து, பிறகு வடக்கே போகும். ஆவணி இரண்டாம் வாரம் வாக்கில்தான் திரும்பும். அந்த நாலு மாதமும் வடமுகத்தில் வெயில் விழும். ஒவ்வொரு வெடிப்பும் ஒவ்வொரு கறுப்புக் கோடும் வெளியே வரும். மலையின் திண்மையை எழுத விரும்புகிறவர் மார்கழியில் வரவேண்டும். கல்லின் நிறத்தை எழுத விரும்புகிறவர் வைகாசியில் வரவேண்டும். ஒரே இடத்தில் நின்று இரண்டு மலைகளை எழுதலாம்.

இப்படி ஒரே மலையை விடாமல் எழுதியவர் வெளியிலும் ஒருவர் உண்டு. பிரான்ஸின் தெற்கே எக்ஸ் நகரத்தில் பால் செசான் தன் ஊருக்கு வெளியே நின்ற சான்த் விக்துவார் என்ற சுண்ணாம்புக்கல் மலையை ஆயுசின் கடைசி இருபது வருஷங்களுக்கு மேல் திரும்பத் திரும்ப எழுதினார். 1906ல் வெளியே எழுதிக்கொண்டிருந்தபோது மழையில் மாட்டி, சில நாளில் இறந்தார். சின்னச் சின்ன வண்ணத் திட்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்தே ஒரு மலையைக் கட்டி எழுப்பலாம் என்று அவர் காட்டினார். அவர் படங்களின் அச்சுப் பிரதிகளை நான் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. ஒரே மலையை வாழ்நாள் முழுக்க எழுதுகிறவரை நான் வீட்டிலேயே பார்த்திருந்தேன். மலையை உணர்ச்சியோடு எழுதுவது என்றால் ஆவேசமாக வண்ணத்தை வீசுவது என்று இளைஞர்கள் பலர் நினைக்கிறார்கள். பெரியப்பாவிடமும் செசானிடமும் நான் கண்டது வேறு: நெடுங்காலம் பார்த்த கைக்குத்தான் ஒரே இழுப்பில் இழுக்கும் துணிச்சல் வருகிறது.

மதுரையின் குன்றுகளை எண்ணெய் இல்லாமலே அற்புதமாக எழுதிய ஒருவரையும் சொல்லாமல் போகக்கூடாது. மதுரையில் 1936ல் பிறந்த மனோகர் தேவதாஸ், பேனா மையால் யானைமலையையும் பழைய மதுரையையும் நுணுக்கம் நுணுக்கமாக வரைந்தார். விழித்திரை நோயால் பார்வை சுருங்கிக்கொண்டே போன காலத்திலும் வரைந்தார். 2022ல் காலமானார். அவர் வரைந்த அந்த யானைமலையில்தான் சிற்ப நகரம் அமைக்கும் திட்டம் வந்து, 2010 வாக்கில் ஊர்மக்கள் எதிர்த்து நின்றார்கள், மலை தப்பியது. மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்காக அறுத்து எடுத்த குன்றுகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவற்றின் பழைய உருவம் ஏதாவது ஒரு கிராமத்து நாடகத் திரையில் வள்ளிக்குப் பின்னால் இருக்கலாம். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. பெரியப்பா பரங்குன்றத்தை எழுதினார் என்றால், அந்தந்த ஊர்ச் சித்திரக்காரர் அந்தந்த ஊர் மலையைத்தானே எழுதியிருப்பார்?

இன்று வள்ளி திருமணத்துக்குப் பின்னால் தொங்குவது பெரும்பாலும் ஃப்ளெக்ஸ். அதில் இருப்பது கம்ப்யூட்டரில் கிடைத்த ஏதோ ஒரு பனிமலை. தினை விளையும் ஊரில் பனி எதற்கு? எழுதிய சீன்கள் சாமான் அறைகளிலும் பரண்களிலும் எலி கடித்துக் கிடக்கின்றன. சிலவற்றைக் களத்தில் நெல் மூடவும் பயன்படுத்திவிட்டார்கள். பெரியப்பா எழுதிய மலைத் திரைகளில் ஒன்றுகூட எங்கள் குடும்பத்திடம் இல்லை. அவர் தனக்காக எழுதிய எண்ணெய்ப் படங்கள் சில இருக்கின்றன. ஊருக்காக எழுதியவை ஊரோடு போய்விட்டன.

ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கோயிலிலோ, நாடகக்காரர் வீட்டிலோ, பழைய கொட்டகையிலோ எழுதிய சீன் சுருட்டி வைத்திருந்தால், தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். ஈரத் துணியால் துடைக்காதீர்கள். பசை வண்ணம் கரைந்து கையோடு வந்துவிடும். மடிக்கவேண்டாம், ஒரு பருமனான குழாயில், எழுதிய பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி, பருத்தித் துணி சுற்றி, தரையில் படாமல் வையுங்கள். அதற்கு முன் ஒருமுறை நிழலில் விரித்து முழுசாகப் படம் எடுங்கள். ஓரத்திலோ பின்பக்கத்திலோ எழுதியவர் பெயரும் ஊரும் வருஷமும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைத் தனியாக ஒரு படம் எடுத்து வையுங்கள். இல்லையென்றால் ஊரில் வயதானவர்களிடம் இன்றே கேட்டு எழுதிவிடுங்கள்.